சரிபார்ப்பது எளிது

நெய் மைசூர்பாகு என்றால் எங்கள் ஊரில் ஆளாளுக்கு நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும். சர்க்கரை வியாதியா என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். வியாதியெல்லாம் இல்லை, காரணம் கணக்கு. தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பார்த்த ஒரு வைவாவில் பிடித்த குமட்டல் இது, இன்னும் விட்ட பாடில்லை.

வைவா என்றால் பிஎச்.டி. முடிக்கிறவர் கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று தன் ஆய்வைச் சொல்லி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். விதி அப்படி. நடப்பது வேறு, அதற்கு வருகிறேன்.

பிஎச்.டி. செய்துகொண்டிருந்தது ஒரு அக்கா. சென்னிமலைக்காரர். ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தவர். பிஎச்.டி. வாங்கி வந்தால்தான் வேலையில் வைத்துக்கொள்வோம் என்று அங்கே சொல்லிவிட்டதால், புருஷனையும் பெண் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு இங்கே ஹாஸ்டலில் கிடந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். திங்கட்கிழமை கண் வீங்கி வருவார். "இன்னும் எத்தன நாளைக்குப் படிப்பேன்னு மாமியார் கேக்கறாங்க கண்ணு" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். ஆனால் கணக்கில் கெட்டிக்காரி. அந்தத் துறையில் கணக்குத் தெரிந்தவர் என்று நான் யாரையாவது சொல்வதென்றால் அவரைத்தான் சொல்வேன்.

அவருக்கும் எனக்கும் ஒரே நெறியாளர். எல்லோருக்கும் அவர் 'சார்'. நெற்றியில் பளிச்சென்று திருநீறு, வாயில் எந்நேரமும் 'ங்க'. படிக்கிற பிள்ளையைக்கூட ஒருமையில் கூப்பிட மாட்டார். எங்கள் ஊர் மரியாதையை உலகமே மெச்சுகிறது, மெச்சட்டும். இங்கே கழுத்தை அறுத்தாலும் 'கொஞ்சம் தலையத் தூக்குங்க' என்று சொல்லித்தான் அறுப்பார்கள்.

சாரின் ஆராய்ச்சி முறை எங்கள் பக்கத்தில் ரொம்பப் பிரபலம். யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரையறையை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதற்கு முன்னால் ஒரு கிரேக்க எழுத்தையோ 'அரை', 'மையம்' என்று ஒரு சொல்லையோ ஒட்ட வேண்டியது. பழைய தேற்றங்கள் எல்லாவற்றையும் அந்த ஒட்டுச் சொல்லோடு மறுபடி எழுத வேண்டியது. உதாரணம் என்று கேட்டால் ஏ, பி, சி என்று மூன்று புள்ளி. எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் இதே ஏ, பி, சி. பழைய சாம்பாரில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுக் குழம்பு என்று பரிமாறுகிற வேலை. இதைச் செய்து பட்டம் வாங்கியவர்கள் வேறு ஊர்களுக்குப் போய் அங்கேயும் அதே கரண்டியைப் பிடித்தார்கள். தூ.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், அந்த ஆய்வேட்டின் பொருள் எனக்கு உயிர். டோபாலஜிக்கல் குரூப். பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் புள்ளிகள் இருக்கின்றன. எது எதோடு ஒட்டி நிற்கிறது என்று தெரியும். அது டோபாலஜி. அந்தப் புள்ளிகளில் எந்த இரண்டையும் கூட்டி இன்னொரு புள்ளியைக் கொண்டுவரலாம், கூட்டியதைக் கழிக்கவும் செய்யலாம். அது குரூப். இரண்டும் சண்டை போடாமல் ஒரே வீட்டில் இருந்தால் டோபாலஜிக்கல் குரூப். இதில் ஒரு புள்ளியைக் கூட்டுவது என்றால் மொத்தத்தையும் நகர்த்துவது. எந்தப் புள்ளியையும் வேறு எந்தப் புள்ளி இருந்த இடத்துக்கும் நகர்த்திவிடலாம். எதுவும் பிய்யாது, புதிதாக எதுவும் ஒட்டிக்கொள்ளாது. அதனால் ஒரு புள்ளிக்கு அக்கம்பக்கம் எப்படியோ, எல்லாப் புள்ளிக்கும் அப்படியேதான் இருந்தாக வேண்டும்.

இது புரிந்த அன்றைக்கு நான் பஸ்ஸில் என் கை வளையலையே பார்த்துக்கொண்டு வந்தேன். முழு வளையல் குரூப் ஆக முடியும், எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே மாதிரி. உடைந்த வளையல் ஆகவே முடியாது. நுனியில் இருக்கிற புள்ளிக்கு ஒரு பக்கம்தான் துணை, நடுவில் இருக்கிற புள்ளிக்கு இரண்டு பக்கமும் துணை. நுனியை நடுவுக்கு நகர்த்த வழியே இல்லை. எட்டு என்ற எண்ணை எழுதிப் பாருங்கள், கோடுகள் வெட்டிக்கொள்கிற இடம் ஒன்று தனியாகத் தெரிகிறதே, அதனால் எட்டும் ஆகாது. சமச்சீர் என்றால் அழகு, கோலம், பூ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கையையும் காலையும் கட்டிப் போடுகிற விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. யாருக்கும் தனிச் சலுகை கிடையாது என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தால், உலகத்தில் முக்கால்வாசி வடிவங்கள் வாசலோடு திரும்பிப் போய்விடுகின்றன. சிங்காநல்லூர் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். வீட்டில் அம்மா, "எந்த லோகத்துல இருந்தே?" என்று திட்டினார்.

அப்பேர்ப்பட்ட பொருளில் சார் அக்காவுக்குக் கொடுத்த தலைப்பு 'மையப் புள்ளி உள்ள டோபாலஜிக்கல் குரூப்'. அதாவது, எல்லாப் புள்ளிகளிலும் ஒரே ஒரு புள்ளி மட்டும் யாரோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும், மற்றவை அப்படி நிற்காது. அந்த ஒன்றுதான் மையம். படித்த மாத்திரத்தில் உங்களுக்கே பொறி தட்டியிருக்கும். எனக்குத் தட்டவில்லை. சார் கொடுத்த தலைப்பு என்ற மயக்கம்தான், வேறென்ன.

எனக்குத் தெரிய வந்தது பேனா பிடித்ததால். துறையில் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தது, அதற்கு உறை போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆய்வேடெல்லாம் டைப்ரைட்டரில்தான். அதில் கணக்குக் குறிகள் கிடையாது என்பதால், அந்தந்த இடத்தில் வெற்றிடம் விட்டு அடித்துக் கொடுப்பார்கள். அதை அப்புறம் யாராவது உட்கார்ந்து கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். அந்த யாராவது எப்போதும் எம்.ஃபில். பிள்ளைகள்தான். என் கையெழுத்து அழகு என்று அக்காவின் ஆய்வேடு என் தலையில் விழுந்தது. டோபாலஜியைக் குறிக்கிற 'டௌ' என்ற கிரேக்க எழுத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் போட்டேன். கணக்குப் படிக்க வந்த இடத்தில் கோலம் போடுகிற உத்தியோகம்.

அப்படிப் போட்டுக்கொண்டே வந்தபோது உதாரணம் வந்தது. வழக்கமான ஏ, பி, சி. மூன்றும் வட்டமாக நிற்கின்றன. ஒன்று கூட்டினால் ஏ போய் பி இடத்தில், பி போய் சி இடத்தில், சி போய் ஏ இடத்தில். இதில் ஏ தனித்து நிற்கிறது, பி-யும் சி-யும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஆகவே ஏ மையம். 'இது டோபாலஜிக்கல் குரூப் என்று சரிபார்ப்பது எளிது' என்று அடுத்த வரி.

பேனாவை மூடி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே மூன்று இறக்கை ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கை இன்னொரு இறக்கையின் இடத்துக்குப் போகிறது. சுற்றின பிறகும் எல்லாம் முன்பு மாதிரியே இருக்க வேண்டும் என்றால், ஒரு இறக்கை மட்டும் வேறு மாதிரி இருக்க முடியுமா? ஏ தனித்து நிற்கிறது என்றால் அது பி-யின் இடத்துக்குப் போனதும் பி-யும் தனித்து நிற்க வேண்டும். அப்புறம் சி-யும். மூன்றும் தனி, மையமாவது மண்ணாங்கட்டியாவது. மூன்று புள்ளிக்கு மட்டுமில்லை, எத்தனை புள்ளி இருந்தாலும் இதே கதிதான். ஒரு புள்ளி தனித்து நின்றால் அத்தனையும் தனித்து நிற்கும். அப்படியானால் மையப் புள்ளி உள்ள குரூப் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே கிடையாது.

இன்னொன்றும் அப்போதே உறைத்தது. அந்த ஆய்வேட்டில் இருந்த தேற்றங்களில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. இல்லாத ஒரு சாமானைப் பற்றி என்ன சொன்னாலும் கணக்குப்படி சரிதான், மறுத்துக் காட்ட ஆளே இல்லையே. அக்கா தன் குழந்தையை விட்டுவிட்டு வந்து வருஷக்கணக்காக எழுதியது முழுக்க ஒன்றுமில்லாததைப் பற்றி.

மறுநாள் காலை சாரின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிபார்ப்பது எளிதுன்னு எழுதியிருக்குதில்லைங்க?"

"நான் சரிபார்த்தேனுங்க சார். வரலீங்க."

"அப்ப உங்களுக்கு எளிதா இல்லீன்னு அர்த்தமுங்க" என்று சிரித்தார். நான் நகரவில்லை. ஃபேன் இறக்கையைக் காட்டி மறுபடி சொன்னேன். அவர் அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி துடைத்த கை ஒரு நொடி நின்றது. அதற்கப்புறம் இன்னும் இனிப்பாகப் பேசினார்: "அம்மணி, நீங்க டௌ போடற வேலை எடுத்திருக்கீங்க. டௌ போட்டாச்சுன்னா உங்க வேலை முடிஞ்சுதுங்க."

தப்பு செய்தவரைப் பார்த்து எனக்கு அருவருப்பு வருவதில்லை, நானும் தினம் நாலு தப்பு செய்கிறவள்தான். தப்பு என்று தெரிந்த பிறகும் அந்தச் சிரிப்பு மாறாமல் இருந்ததே, அதைப் பார்த்துத்தான் ச்சீ என்று ஆகிவிட்டது.

நேரே அக்காவிடம் போனேன். ஹாஸ்டல் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் ஆசை ஒன்றுதான். யாராவது இதைச் சத்தமாகச் சொல்லி நிறுத்த வேண்டும், அக்கா வேறு தலைப்பில் எழுத வேண்டும். இன்னும் ஒரு வருஷம் போகும், போகட்டும், அவரால் முடியும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எப்படி, எங்கே என்று கேட்கவும் இல்லை. கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு கேட்டவர், கடைசியில் அதை எடுத்துவிட்டு, "டௌ எல்லாம் போட்டு முடிச்சுப்போட்டியா கண்ணு?" என்றார்.

எனக்கு அவர்மேலும் வெறுப்பாகிவிட்டது. மீதிக் குறிகளைப் போட்டு, ஆய்வேட்டுக் கட்டை அவர் மேஜையில் பொத்தென்று வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பல மாதம் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போனது. வெளியூர்த் தேர்வாளர்கள் 'மிகச் சிறந்த பங்களிப்பு' என்று எழுதி அனுப்பினார்கள். வைவாவுக்கு நாள் குறித்தார்கள். இனிமேல் நடந்ததுதான் கண்றாவி.

வைவாவுக்கு வருகிற தேர்வாளரை மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கவனிக்க வேண்டும். அக்காதான் லாட்ஜில் அறை போட்டார், டாக்ஸி வைத்தார். ஊரிலிருந்து சென்னிமலைப் போர்வை இரண்டு கொண்டுவந்தார். தேர்வாளர் காலையில் சாரின் அறையில் அந்தப் போர்வையைப் பிரித்து, "மெரூன் கலர் இல்லீங்களா?" என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன். அக்கா அடுத்த வாரமே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். ஆய்வைப் பற்றி அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. மேஜையில் பட்டத்துக்குச் சிபாரிசு செய்கிற அறிக்கை முந்தின நாளே டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் திருப்தியாகப் பதிலளித்தார்' என்று அதில் இருந்தது. இன்னும் யாரும் கேட்கவே இல்லை, அதற்குள் திருப்தி.

கேள்விகளும் தயார். அதுதான் வழக்கம். சபையில் யாரும் கேட்காவிட்டால் அசிங்கம் என்று எம்.ஃபில். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பார்கள். பதில் அக்காவிடம் ஏற்கெனவே ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் வைக்கிற பிளாஸ்டிக் தாளில் எழுதி இருக்கும். கல்யாணத்தில் நலங்கு விளையாட்டுக்குக்கூட இவ்வளவு ஒத்திகை கிடையாது. சார் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். 'மையப் புள்ளி உள்ள குரூப்புக்கு ஒரு உதாரணம் தர முடியுமா?'

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அத்தனை பேர் இருக்க, அந்தக் கேள்வியை என் வாயால் கேட்கவைக்கிறார்களாம். என்ன நெஞ்சழுத்தம்.

பக்கத்து மில்லில் சங்கு ஊதின பிறகுதான் அரங்கில் ஆரம்பித்தார்கள். ஒரு ஃபேனுக்கு இறக்கை வளைந்திருந்தது, கடகடவென்று தலையை ஆட்டிக்கொண்டே சுற்றியது. அக்கா அரக்குப் பட்டில் மேடையில் நின்றார். குரல் ஆடவில்லை. தாளை மாற்றி மாற்றித் தேற்றங்களைச் சொன்னார். தேர்வாளர் முன்வரிசையில் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார். தின்றுவிட்டு, நெய் வழிகிற விரலை அந்த ஆய்வேட்டின் பக்கத்திலேயே துடைத்தார். நான் டௌ போட்ட பக்கம். மை ஈஷிக்கொண்டு போனது எனக்கு இரண்டாம் வரிசையிலிருந்தே தெரிந்தது.

கேள்வி நேரம் வந்தது. முன்னால் இருந்தவர்கள் சீட்டில் இருந்ததைக் கேட்டார்கள், அக்கா பதில் தாளை வைத்தார். என் முறை. எழுந்தேன். சீட்டில் இருந்தபடியே உதாரணம் கேட்டேன். அக்கா ஏ, பி, சி தாளை வைத்தார். திரையில் மூன்று புள்ளியும் பெரிதாக விழுந்தன. சார் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"இன்னொரு கேள்விங்க. ஒன்னு கூட்டுனா ஏ போய் பி எடத்துல உக்காருதுங்க. ஏ தனியா நிக்குதுன்னா பி-யும் தனியா நிக்கோணுமில்லைங்க? அது எப்படிங்க சி-யோட ஒட்டீட்டு இருக்குது?"

அக்கா திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஆமாங்க. பி-யும் தனியாத்தான் நிக்கோணும். சி-யும்."

"அப்ப மையம்னு ஒரு புள்ளி இருக்க முடியாதுங்களே?"

"முடியாதுங்க."

"அந்த மாதிரி குரூப்பே இல்லைன்னுதானுங்க அர்த்தம்?"

"இல்லைன்னுதானுங்க அர்த்தம்."

முடிந்தது, நிறுத்திவிட்டோம் என்று நினைத்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும், எழுதியவரே சபையில் நின்று இல்லை என்று சொல்லிவிட்டார். தேர்வாளர் பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் எடுத்துக்கொண்டே தலையாட்டினார்.

"குட், குட். ரொம்ப ஆரோக்கியமான விவாதமுங்க. இப்படித்தான் இருக்கோணும்."

சார் எழுந்து, "இது மேற்கொண்டு ஆராய வேண்டிய விஷயம். அதையும் மேடையில நிக்கற அம்மணி பணிவோட ஒத்துக்கிட்டாங்க. அதுதாங்க ஆராய்ச்சி மனப்பான்மை" என்றார். யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். தேர்வாளர் அந்த அறிக்கையை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாவுக்கும் நெய். அடுத்த வருஷம் வந்த ஒரு மாணவிக்குச் சார் கொடுத்த தலைப்பு 'இரண்டு மையப் புள்ளி உள்ள டோபாலஜிக்கல் குரூப்'. பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையும் சமச்சீர்தான். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் ஒரே நாற்றம்.

அரங்கில் இருக்க முடியாமல் வெளியே கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். பின்னால் பட்டுப் புடவை சரசரத்தது. அக்கா. கையில் தட்டு, தட்டில் ஒரு துண்டு மைசூர்பாகு.

"அந்தச் சீட்ட உனக்குக் குடுக்கச் சொன்னது நான்தான் கண்ணு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சாருக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அவ வேற எதையும் கேக்க மாட்டாளுங்க, சீட்டுல இருக்கறதத்தான் கேப்பான்னு சொல்லிப்போட்டேன். நீ உடமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"மொத வருசமே தெரியும்." அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சார்கிட்டச் சொன்னேன், சிரிச்சாரு. ஊட்ல சொன்னேன், முடிச்சுப்போட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. நானா நிறுத்த எனக்குத் தெம்பு இல்ல கண்ணு. யாராவது எழுந்திரிச்சு நிறுத்தினா நின்னுக்கலாம்னு இருந்தேன். நீ கேட்டே. நானும் இல்லைன்னு வாயத் தொறந்து சொல்லிப்போட்டேன். அதுக்கப்பறமும் யாருமே நிறுத்தலயே."

அக்கா மைசூர்பாகை வாயில் போட்டார். இரண்டு முறை மென்றார். பிறகு குனிந்து, அப்படியே தொட்டியில் துப்பினார். கையில் தண்ணீர் பிடித்துக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். வாயில் ஒன்றும் இல்லாத பிறகும் கொப்பளித்தார்.

உள்ளேயிருந்து சார் கூப்பிட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, போட்டோக்காரர் நிக்கறாருங்க, வாங்க."

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வாரேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, உள்ளே போனார்.